பதில்: கீமோ தொப்பி கண்ணில் இறங்குகிறது

வணக்கம் அக்கா. கீமோவில் (புற்றுநோய் மருந்துச் சிகிச்சை) முடி கொட்டிய சித்திக்குப் பருத்தி நூலில் பின்னிய தொப்பி கண்ணில் இறங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். அவர் தலையின் சுற்றளவு 55 செ.மீ., அதே அளவுக்கு 120 கண்ணி (பின்னல் வளையம்) போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இறங்குவதற்குக் காரணம் அதுதான். பருத்தி நூல் கம்பளி மாதிரி சுருங்கித் திரும்பாது. இழுத்த இடத்திலேயே நிற்கும். தொப்பியைப் பிடித்துக்கொள்ளத் தலையில் முடியும் இல்லை. தலையைவிட 4 செ.மீ. குறைத்துப் பின்னுங்கள்.

10 செ.மீ.க்கு 22 கண்ணி என்றால் 112 போதும். விளிம்புக்கு 4, உச்சியில் குறைக்க 8, இரண்டாலும் வகுபடும். விளிம்பை மட்டும் 3.25 மி.மீ. ஊசியில் 2 நிட் (நேர்ப் பின்னல்), 2 பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று 4 செ.மீ. பின்னிவிட்டு 4 மி.மீ.க்கு மாறுங்கள். மொத்தம் 15 செ.மீ. வந்ததும் 12 நிட், அடுத்த 2 கண்ணி சேர்த்து ஒன்று. இப்படிச் சுற்றில் 8 இடம். அடுத்த சுற்று குறைக்காமல். இப்படியே மாறி மாறி, குறைக்கும் சுற்றில் மட்டும் 12 நிட் 11, 10 என்று ஒவ்வொன்றாகக் குறையும். 56 கண்ணி ஆனபின் ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். கடைசி 8 கண்ணியில் நூலைக் கோத்து இறுக்குங்கள். உயரம் சுமார் 22 செ.மீ. வரும், பிடரி மூடும்.

அரிக்கிறது என்று நீங்கள் சொன்ன கம்பளித் தொப்பியை விட்டுவிடுங்கள், உள்துணி வைத்தாலும் பினாங்கு வெயிலுக்குப் புழுக்கம்தான். பருத்தி அக்ரிலிக் கலவை நூல் நல்லது, ஏர்கோன் குளிருக்கும் தாங்கும். முழு மூங்கில் நூல் வேண்டாம், தொங்கிவிடும். உச்சியில் பூ, பொத்தான் எதுவும் வேண்டாம், படுத்தால் குத்தும்.

கொடுக்குமுன் வாசனையில்லாத சோப்பில் அலசுங்கள். கீமோ சமயத்தில் மல்லிகை வாசம்கூடச் சிலருக்குக் குமட்டும்!