ராம் ஏர் பானெட் வைத்தால் பிக்கப் கூடுமா? பானெட்டை வெட்டிப் பார்த்தவனின் பதில்

கேட்டிருப்பது இதுதான்: பழைய பெட்ரோல் கார், பானெட்டில் ஓட்டை போட்டு ஸ்கூப் (காற்றை வாங்கும் வாய்) வைத்து, எதிர்க்காற்றை நேராக ஏர் ஃபில்டருக்கு விட்டால், அதாவது ராம் ஏர் செய்தால், பிக்கப்பும் மைலேஜும் கூடுமா, செலவுக்குத் தகுந்த பலன் உண்டா?

பிக்கப் கொஞ்சம் கூடும், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் இல்லை. மைலேஜ் கூடாது. பானெட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள். நான் வெட்டினேன்.

கோவையில் பீளமேட்டுப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் ரேஸ் கிறுக்கு இல்லாத ஆள் குறைவு, நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் திடீரென்று எஞ்சின் நிபுணர் ஆகிவிட்டோம், அந்தப் பாதியில் நானும் ஒருத்தன். செட்டிபாளையம் டிராக்கில் வேடிக்கை பார்த்துவிட்டு வந்த சூட்டில், என்னிடம் இருந்த செகண்ட் ஹேண்ட் மாருதி எஸ்டீமுக்கு (1.3 லிட்டர், 85 குதிரை சக்தி) ஃபைபர் ஸ்கூப் போடுவது என்று முடிவு செய்தேன். டிங்கரிங் பட்டறை அண்ணன் பானெட்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, கட்டிங் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, மழ பேஞ்சா தண்ணி எங்கீங் போகும்?" பாத்துக்கலாம் அண்ணா என்றேன்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொண்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஐப்பசி மழை, ஃபில்டர் சொதசொத என்று நனைந்து, வண்டி இருமி இருமி நின்றது. ஃபில்டர் பேப்பர் தண்ணீரைத் தாங்கிக்கொண்டதால் தப்பித்தேன். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கிற கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது.

சரி, கணக்குக்கு வருவோம், ஏனென்றால் இதை நான் வெட்டுவதற்கு முன்பு போட்டிருக்க வேண்டும். வண்டி ஓடும்போது முன்னால் மோதும் காற்று தருகிற அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் லேசு. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் இங்கே கிடைக்கும் அழுத்தம் நாலரை சென்டிமீட்டர் தண்ணீரைத் தூக்கும், அவ்வளவுதான். நம்மைச் சுற்றி ஏற்கெனவே இருக்கிற காற்றழுத்தத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை. 85 குதிரையில் அரைக் குதிரைக்கும் குறைவு. 200 கி.மீ. வேகத்தில் நாலு மடங்கு, 300இல் ஒன்பது மடங்கு, அதாவது நாலு சதவீதம். ராம் ஏர் என்பது அந்த வேகத்து ஆட்கள் சமாச்சாரம். 2021 மாடல் கவாசாகி நிஞ்ஜா இசட்எக்ஸ்-10ஆர் பைக்குக்கு நிறுவனம் 203 பிஎஸ் (இதுவும் குதிரை சக்திதான்) என்று போட்டு, ராம் ஏரோடு 213 என்று தனியாகப் போட்டிருப்பதைப் பார்த்தால் இந்தக் கணக்கு புரியும். செங்கப்பள்ளி ரோட்டில் லாரிக்குப் பின்னால் 80இல் போகிற நமக்கு அது இல்லை.

"அப்புறம் அமெரிக்காக்காரன் எதற்கு வைத்தான்" என்று என் மச்சான் கேட்டான். நல்ல கேள்வி. 1996இல் பாண்டியாக் டிரான்ஸ் ஆம் காருக்கு டபிள்யூஎஸ்6 என்று ராம் ஏர் பானெட்டோடு ஒரு பேக்கேஜ் வந்தது, சாதாரண மாடல் 285 குதிரை, இது 305. இருபது குதிரை எங்கிருந்து வந்தது? சக்தியை அளப்பது டெஸ்ட் பெஞ்சில், நிற்கிற எஞ்சினுக்கு எதிர்க்காற்று ஏது? ஆக, காற்று உள்ளே போகும் வழி, புகை வெளியே வரும் வழி தாராளமானதன் பலன்தான் அது. முட்டும் காற்றுக்கு அதில் பெரிய பங்கு இருக்க வாய்ப்பில்லை.

இதைக் கண்ணால் பார்க்க சக்தியை அளக்கிற டைனோ மிஷின் வேண்டாம். கொத்தனார் லெவல் பார்க்கிற ட்யூப் போதும். ட்யூபை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, ஸ்கேல் ஒட்டி, சொட்டு நீலம் கலந்த தண்ணீர் பாதி ஊற்றி, ஒரு முனையை அளக்க வேண்டிய இடத்தில் டேப் போட்டு ஒட்டி, மறு முனையை காருக்குள் சும்மா விட்டுவிட வேண்டும். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசி மின்விசிறியை நிறுத்தி, ஓட்டுகிறவர் ரோட்டை மட்டும் பார்க்க, பக்கத்தில் இருக்கிறவர் ட்யூபின் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்க வேண்டும். மச்சானை உட்கார வைத்து ஒரு ஆடி மாசத்து ஞாயிறு விடிகாலையில் நீலம்பூரிலிருந்து கிளம்பினோம். ட்யூபை முன் கிரில்லில் வைத்து 100இல் செங்கப்பள்ளி பக்கம் போகும்போது மூன்றே கால் சென்டிமீட்டர், திரும்பி கோவையைப் பார்த்து வரும்போது ஐந்தரை. ட்யூபில்தான் கோளாறு என்று கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் புரிந்தது, அது பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. போகும்போது முதுகில் தள்ளியது, வரும்போது முகத்தில் அடித்தது.

அடுத்து நான் ஆசையாக வைத்த ஸ்கூப்பின் வாயில் ட்யூபை வைத்தோம். ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. "இதுக்காடா மாப்ள பானெட்ட வெட்டுன" என்று மச்சான் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காரணம் இதுதான்: பானெட்டின் முன் விளிம்பைத் தாண்டியதும் காற்று வேகம் எடுத்து மேலேறுகிறது, அந்த இடத்தில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைவு. அதோடு தகட்டை ஒட்டி இருக்கிற காற்று மந்தமாகத்தான் நகரும். ஓர் அங்குல உயரத்து ஸ்கூப் அந்த மந்தக் காற்றில்தான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் உள்ள இடம் ஒன்று முன் கிரில், இன்னொன்று வைப்பர் பக்கம் கண்ணாடி அடிவாரம். 1970இன் அமெரிக்க ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் காரில் பானெட் வாய் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி இருப்பது அதனால்தான்.

இன்னொரு கூத்து, என் ஸ்கூப் ஏர் பாக்ஸோடு (ஃபில்டர் இருக்கிற பெட்டி) சேரவே இல்லை, சும்மா எஞ்சின் மேல் காற்றைக் கொட்டியது. அப்படிக் கொட்டினால் எஞ்சின் அறைக்குள் அழுத்தம் ஏறி, ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்று மந்தமாகும். டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே நின்றதை நான் வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கார்பியோ, பழைய ஃபார்ச்சூனர் 3.0 இவற்றில் பானெட்டில் ஸ்கூப் இருக்கிறதே என்பீர்கள். அது எஞ்சினுக்கு மூச்சு விட இல்லை, எஞ்சின் மேல் படுத்திருக்கிற இன்டர்கூலரை, அதாவது டர்போவிலிருந்து சூடாக வரும் காற்றை ஆற்றுகிற ரேடியேட்டரை, குளிரவைக்க.

அப்புறம் எதில் பலன்? சூட்டில். ஃபிரிட்ஜுக்குப் போடுகிற ஒயர் வைத்த தெர்மாமீட்டரை ஏர் பாக்ஸ் வாயில் செருகிப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி, காந்திபுரம் சிக்னலில் நின்று நகர்ந்த வண்டிக்குள் போகிற காற்று 55. எனக்கு முன்பு வைத்திருந்தவர் ஏர் பாக்ஸின் முன் குழாயைக் கழற்றி எறிந்திருக்கிறார், சத்தம் நன்றாக வரும் என்று. 55 டிகிரி காற்றை 40க்குக் கொண்டுவந்தால் அடர்த்தி ஐந்து சதவீதத்துக்குப் பக்கம் கூடும். அது முழுக்க சக்தியாக மாறாது, பாதி மாறினாலும் இரண்டு குதிரை, 100 கி.மீ. எதிர்க்காற்று முழுசாகத் தருவதைப் போல நாலு மடங்கு.

அடுத்தது ஃபில்டர். அதே ட்யூபை ஃபில்டருக்குப் பின்னால் செருகி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 5500 ஆர்பிஎம் வரை போனால், அழுக்கு ஃபில்டரில் இருபது சென்டிமீட்டர் இழுத்தது, புதியதில் பன்னிரண்டு. அந்த எட்டு சென்டிமீட்டர் 100 கி.மீ. எதிர்க்காற்று முழுசாகத் தருவதைவிட அதிகம். விலை சில நூறு ரூபாய். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைப் பாருங்கள், போர் போடும் புழுதியில் கம்ப்ரஸர் ஃபில்டரைத் தட்டித் தட்டி ஊதிக்கொண்டே இருப்பார்கள், அவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் நான் செய்தது: உக்கடத்தில் பழைய பானெட் ஒன்று வாங்கி மாட்டினேன். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் கிரில்லுக்குப் பின்னால் வாய் வைத்து, இரண்டரை அங்குல ஹோஸ் ஒன்றை ஏர் பாக்ஸ் வரை இழுத்து கிளாம்ப் போட்டேன். வாய் பெரிதாக வேண்டியதே இல்லை. 1.3 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 55 லிட்டர் போலத்தான் இழுக்கும், 100 கி.மீ. வேகத்தில் அதற்கு 20 சதுர சென்டிமீட்டர் வாய் போதும், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஹோஸ் உள்ளே போகப் போக அகலமாவது நல்லது, வளைவு குறைவாக இருக்க வேண்டும், நடுவில் மிகத் தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை. வாயை பம்பருக்குக் கீழே இறக்காதீர்கள், மழைக்கு அவிநாசி ரோடு பாலத்தடியில் தேங்குகிற தண்ணீரைக் குடித்துவிடும்.

மைலேஜ் ஏன் கூடாது என்றால், பெட்ரோல் வண்டி சாதாரணமாக ஓடும்போது த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று போகும் கதவு) பாதிக்குமேல் மூடித்தான் இருக்கிறது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுகிறவனுக்கு முன்னால் ஃபேன் வைத்து என்ன பயன்?

பானெட்டை வெட்டுவதில் இன்னொரு வில்லங்கம், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. ஆர்சி விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஸ்கூப் அதில் வருமா வராதா என்று ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நின்று வாதாட எனக்குத் தெம்பில்லை, இன்சூரன்ஸ்காரரிடம் அதைவிட இல்லை.

முதலில் உங்கள் வண்டியின் கம்பெனி குழாய் எங்கிருந்து காற்று எடுக்கிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே முன்பக்கத்துக் குளிர்காற்றைத்தான் எடுக்கும், அப்படியென்றால் ஃபில்டர் மாற்றியதோடு வேலை முடிந்தது. இல்லையென்றால் லெவல் ட்யூப் வாங்கி அளந்து பாருங்கள். ஐந்து மீட்டராக வாங்குங்கள், மூன்று மீட்டர் கிரில்லிலிருந்து சீட் வரை வராது, எங்களுக்கு வரவில்லை.