செய்வினையா, ஆரத்தியா? தடயம் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன் நான். பேய் வீடு, மர்ம மிருகம் என்று யாராவது கூப்பிட்டால் நண்பர்கள் இருவரோடு போய்ப் பார்ப்பேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னது தப்பாகிவிட்டது, அவ்வளவு கேள்விகள்!

செல்வி, ஆயிர் ஈத்தாம்: அண்ணா, காலையில் வாசலில் சிவப்பாக ஏதோ தெளித்திருந்தது. ரத்தம் மாதிரியே இருக்கிறது. செய்வினை என்று மாமியார் அழுகிறார். எங்கே கொடுத்துச் சோதிப்பது?

முதலில் மாமியாருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். கழுவிவிடாதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஈரப் பஞ்சில் கொஞ்சம் ஒற்றி, காயவைத்து, காகித உறையில் போடுங்கள். அப்புறம் ஓர் ஓரத்தில் மட்டும் எலுமிச்சைச் சாறு விடுங்கள். மஞ்சளாக மாறினால் அது மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர். சுண்ணாம்பில் சிவக்கும் மஞ்சள், புளிப்பு பட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். ரத்தம் அப்படி மாறாது. காயக் காயப் பழுப்பாகும்.

மாறவில்லை என்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ரத்தத்தில் நுரைக்கும். ஆனால் பச்சை உருளைக்கிழங்கிலும் நுரைக்கும், அதனால் நுரை வந்தால் ‘இருக்கலாம்’ என்றுதான் அர்த்தம். அந்த நிலைக்கு வந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள், போலீசைக் கூப்பிடுங்கள்.

செல்வி (மறுநாள்): மஞ்சளாகிவிட்டது அண்ணா! எதிர்வீட்டில் வளைகாப்பாம். மாமியார்தான் இன்னும் நம்பவில்லை.

அதற்கு என்னிடம் சோதனை இல்லையம்மா.

கணேசன், பிறை: உலு மூடா காட்டோரம் மீன்பிடிக்கப் போனபோது நீளமான காலடித் தடம் பார்த்தேன். ஐந்து விரல், மனிதன் கால் போலவே. 2005, 2006 வாக்கில் ஜொகூரில் பேசிக்கொண்டார்களே மாவாஸ் என்ற காட்டு ராட்சத மனிதன், அதுவா?

நீங்கள் அனுப்பிய படத்தில் தடத்துக்குப் பக்கத்தில் உங்கள் சப்பாத்து இருக்கிறது, அதன் அளவு எனக்கு எப்படித் தெரியும்? 50 சென் காசு வைத்தாலும் எந்தக் காசு என்று எழுத வேண்டும். பழையது 27.75 மில்லிமீட்டர், 2012-இல் வந்தது 22.65. அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து எடுப்பதே நல்லது.

விரல்களைப் பாருங்கள். நமக்குப் பெருவிரல் உள்பக்கம். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். அதோடு, கரடி நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்திலேயே பின்கால் பாதி ஏறிப் பதியும். இரண்டும் சேர்ந்து ஒரே நீளத் தடமாகத் தெரியும், நக அடையாளமும் சேற்றில் மூடிப்போகும். நம் காட்டில் சூரியக் கரடி இருக்கிறது. ஒரு தடத்தை வைத்துக்கொண்டு சண்டை போடாமல் தொடர்ந்து பத்துத் தடங்களைப் பார்த்திருந்தால் அங்கேயே விடை கிடைத்திருக்கும்.

அடுத்த முறை அச்சு எடுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தடத்துக்குள் நேராகக் கொட்டாமல் ஓரத்திலிருந்து வழியவிட வேண்டும். அரைமணியில் இறுகும் என்பார்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஒட்டிய மண்ணை அன்றே கழுவ வேண்டாம்.

ரவி, பாலிக் புலாவ்: டுரியான் தோட்ட வேலிக் கம்பியில் சிக்கிய முடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன். டிஎன்ஏ சோதனைக்குக் கொடுக்கலாமா?

பிளாஸ்டிக்கிலிருந்து உடனே எடுங்கள். உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ கெட்டுப்போகும். காகித உறைதான் சரி. எடுத்த இடம், நாள், நேரம், யார் கை பட்டது எல்லாவற்றையும் மேலே எழுதுங்கள். வேர் ஒட்டிய முடி இருந்தால் பாக்கியம். இன்னொரு வேலை: உங்கள் நாய், பக்கத்து வீட்டு ஆடு, உங்கள் தலைமுடி, இவற்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

ஆசையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காடுகளில் உலவுவதாகச் சொல்லும் ராட்சத மனிதக் குரங்கான பிக்ஃபுட்டின் முடி என்று அனுப்பியதை 1977-இல் எஃப்.பி.ஐ. மான் முடி என்றது. 2017-இல் வந்த, இமயமலைப் பனிமனிதன் ‘எட்டி’யின் தடயங்கள் பற்றிய ஆய்வில் ஒன்பது மாதிரிகளில் எட்டு கரடி, ஒன்று நாய். ‘அடையாளம் காண முடியவில்லை’ என்று அறிக்கை வந்தால் புது மிருகம் என்று குதிக்காதீர்கள், பெரும்பாலும் மாதிரி கெட்டுப்போயிருக்கும்.

மாலதி, புக்கிட் மெர்தாஜாம்: இரவில் கூரைக்குள் யாரோ நடக்கிறார்கள். கூடவே பாண்டான் இலை வாசம். பொந்தியானாக் என்ற பெண் பேய் என்கிறார்கள்.

மரநாய். மலாய்க்காரர்கள் அதை மூசாங் பாண்டான் என்று சொல்வதே அந்த வாசத்தால்தான். கூரைக்கு வெளியே எச்சம் தேடுங்கள், பழக்கொட்டை கலந்திருக்கும்.

தினேஷ், ஜெலுத்தோங்: பேய் இருக்கிறதா என்று பார்க்க மின்காந்த அளவீட்டுக் கருவி வாங்கினேன். பாட்டி வீட்டில் அந்தக் கருவியின் விளக்கு எரிகிறது!

கைத்தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பழைய வீட்டில் முதலில் வயரிங் ஆளைக் கூப்பிடுவது நல்லது.

பெயர் வேண்டாம்: தாத்தா வைத்திருந்த புலிநகம் ஒன்று இருக்கிறது. அசலா என்று பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டேன். புலி முழுப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. 2010 வனவிலங்குச் சட்டப்படி அதன் உறுப்பை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். கொம்பில் செதுக்கிய போலியாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் சொல்லட்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எனக்குப் படம்கூட அனுப்ப வேண்டாம்.