அக்கா மகளுக்கு எழுத்து வைக்க முடியாதா?

கேள்வி: அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 23 வயது. என் தம்பிக்கே பேசிப் பரிசமும் போட்டாகிவிட்டது. மகளுக்கும் சம்மதம்தான். ஆனால் அக்கா மகளை எழுத முடியாது என்று விவாகப் பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்கு, நீலகிரிப் பக்கம் கூடலூருக்குப் போன எங்கள் சொந்தத்தில் இப்படித்தான் கட்டிக்கொடுக்கிறார்கள். கோயிலில் தாலி கட்டிவிட்டு, அங்கே போய்ப் பதிந்தால் செல்லுமா?

பதில்: பதிவாளர் சொன்னது சரி, அம்மா. அவர் நினைத்தாலும் எழுதித்தர முடியாது.

இலங்கையின் 1907ஆம் ஆண்டு 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் உங்களுக்குப் பொருந்தும். நுவரெலியா மாவட்டத்தில் இருப்பதால் கண்டிச் சட்டம் வரும் என்று சிலர் சொல்வார்கள். வராது, அது கண்டிச் சிங்களவருக்கு உரியது. 1907 சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, ஆணின் அக்கா மகளோ தங்கை மகளோ அண்ணன் தம்பி மகளோ, அவர்கள் வழிப் பேத்தியோ அவனுக்குப் பெண்டாட்டியாக முடியாது. ஒரே தாய், வேறு தகப்பன் என்றாலும் தடைதான். வழக்கம் இருந்தால் பரவாயில்லை என்ற விலக்கு அந்தப் பிரிவில் இல்லை. அப்படிக் கட்டினாலும், கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் 17ஆம் பிரிவின் கீழ் ஒரு வருடம் வரை சிறை.

அதைவிடப் பாரமானது தண்டனைச் சட்டக்கோவையின் 364அ பிரிவு. 1995இல் சேர்த்தது. இந்த உறவில் உடலுறவு நடந்தால் 7 முதல் 20 வருடம் வரை கடூழியச் சிறையும் தண்டப்பணமும். சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது என்பது உண்மை. ஆனால் இருவரும் வயது வந்தவர்கள், மனமொத்தவர்கள் என்பது குற்றத்தை இல்லாமலாக்காது. ஆகவே கோயில் தாலி உங்கள் மகளைப் பாதுகாக்காது. சட்டப்படி அவள் மனைவி ஆகமாட்டாள். தம்பி உயில் எழுதாமல் இறந்தால் மனைவி என்ற முறையில் அவளுக்கு ஒன்றும் வராது.

கூடலூர்ச் சொந்தக்காரர்கள் செய்தது அங்கே தப்பில்லை. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் தாய்மாமனையும் அக்கா மகளையும் தடைபட்ட உறவு என்றுதான் சொல்கிறது. ஆனால் இரு தரப்பின் வழக்கமும் அனுமதித்தால் கட்டலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. மலேசியா 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்துக்களுக்கு அக்கா மகள், தாய்மாமன் என்று உறவைச் சொல்லியே விலக்குக் கொடுத்தது. நம்மைப் போலவே தோட்டத்துக்கு வந்த சனம், ஆனால் சட்டம் வேறு. கனடா, அவுஸ்திரேலியா, ஜெர்மனியில் தடை பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை என்ற நேர்வழி உறவோடும் கூடப்பிறந்தவர்களோடும் நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் கட்டலாம், தாய்மாமன் கட்ட முடியாது. எங்கே செல்லுபடியானாலும், நீங்கள் மூவரும் வாழப்போவது இங்கே. கூடலூர்ப் பத்திரத்தோடு லயத்துக்குத் திரும்பி வந்தால் 17ஆம் பிரிவும் 364அ பிரிவும் அப்படியே காத்திருக்கும். அந்த வழியில் போகவேண்டாம் என்றே சொல்வேன்.

ஆனால் ஒன்றை முதலில் பாருங்கள். அவர் உங்கள் கூடப்பிறந்த தம்பியா, முறைக்குத் தம்பியா? தோட்டத்தில் அம்மாவின் தங்கையான சித்தியின் மகனையும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம், பிள்ளைகளுக்கும் அவர் மாமாதான். சட்டம் கூப்பிடும் பெயரைப் பார்ப்பதில்லை, இரத்தத்தைப் பார்க்கிறது. அவர் உங்கள் அம்மாவின் தங்கை மகன் என்றால் தடையே இல்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழையும் அவருடையதையும் பக்கத்தில் வைத்துத் தாய், தகப்பன் பெயர்களைப் பாருங்கள். இரண்டில் ஒரு பெயர் ஒன்றாக இருந்தாலும் போதும், தடை விழும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய பதிவுகளில் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கும், சித்தி வளர்த்த பிள்ளைக்குச் சித்தியின் பெயரே தாய் என்று விழுந்திருக்கும். அப்படி இருந்தால் பதிவைத் திருத்திய பிறகே விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தலில் தடையான உறவு இல்லை என்று கையெழுத்து வைக்கிறீர்கள். தெரிந்து பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

கூடப்பிறந்த தம்பிதான் என்றால் நிறுத்திவிடுங்கள். சொந்தத்திலேயே வேண்டுமென்றால் அத்தை மகன், மாமன் மகனுக்குச் சட்டத் தடை கிடையாது. நாம் அண்ணன் முறை என்று ஒதுக்கும் பெரியப்பா மகனைக்கூடச் சட்டம் தடுக்கவில்லை.

பரிசம் போட்டதற்காக யாரும் பயப்படத் தேவையில்லை. நிச்சயத்தைக் காட்டிக் கலியாணத்தை நடத்தச் சொல்லி எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. கொடுத்த பொருளைப் பெரியவர்கள் முன்னால் திருப்பிக் கொடுத்து, வாங்கியதற்கு இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.