மாஞ்சோலை ஈ கறுத்திருப்பது மரபாலா, குளிராலா?

கேள்வி: மாஞ்சோலை மலையிலும் பாளையங்கோட்டைப் பழக்கடைகளிலும் பிடித்த டிரோசோபிலா பழ ஈக்களை ஒப்பிட்டேன். மலை ஈக்கள் பெரியவையாகவும் கறுத்தும் இருக்கின்றன. இதை மரபணு வேறுபாடு என்று என் முதுகலைத் திட்ட அறிக்கையில் எழுதலாமா?
– விலங்கியல் மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். டிரோசோபிலாவின் மெலனோகாஸ்டர் இனத்தில், குளிரில் வளர்ந்த பெண் ஈயின் வயிற்றுக் கடைசிக் கண்டங்கள் கறுத்துவிடும், உடலும் பெரிதாகும். ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து, பாதியை 18 பாகை செல்சியசிலும் மீதியை 28 பாகையிலும் வளர்த்தால், உடன்பிறப்புகளே வெவ்வேறு ஊர்க்காரர்கள் போலத் தோன்றும்.

முதலில் இனத்தை உறுதிசெய்யுங்கள். நம் பக்கத்துப் பழக்கடைகளில் டிரோசோபிலாவின் இன்னொரு இனமான அனனாசேயும் கலந்தே கிடைக்கும். மெலனோகாஸ்டர் ஆணுக்கு வால்பகுதி கறுப்பாக இருக்கும், அனனாசே ஆணுக்கு அது கிடையாது. பெண்களை அப்படிப் பிரித்தறிவது கடினம் என்பதால், அவற்றுக்குப் பிறக்கும் ஆண்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிடிபடும் பெண் பெரும்பாலும் முன்பே இணைசேர்ந்து விந்தணுக்களைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும். ஆகவே ஒரு பெண்ணுக்கு ஒரு புட்டி என்று தனித்தனி வழிகளாக, அதாவது ஒரே தாயின் சந்ததிகளாக, வளர்க்கலாம். ஓரிடத்துக்கு இருபது வழிகளாவது வேண்டும் என்பது என் கருத்து. எல்லாவற்றையும் 25 பாகையில், ஒரே நாளில் காய்ச்சிய ரவை, வெல்லம், அகர் உணவில் இரண்டு தலைமுறை வளர்த்த பின்பே அளவெடுங்கள். இந்த வெப்பநிலையில் ஒரு தலைமுறைக்குச் சுமார் பத்து நாள்தான். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டி போட்டாலும் தவறில்லை, எல்லாப் புட்டிக்கும் அதுவே இருந்தால் போதும். புட்டிக்கு இத்தனை முட்டை என்று எண்ணி வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் புழுக்கள் நெருக்கியடித்தால் மரபு எதுவாயினும் ஈ சிறுத்துப்போகும். வெப்பநிலையைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் பெட்டி இல்லாவிட்டால் சித்திரை, வைகாசியில் தொடங்க வேண்டாம். 30 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே வளர்ந்தால் ஆண் ஈக்கள் மலடாகிவிடக்கூடும்.

இவ்வளவுக்குப் பின்னும் மலைவழிப் பெண்கள் கறுப்பாகவே இருந்தால், அது மரபு வேறுபாடு என்று எழுதலாம். அப்படி அமைவது புதிதல்ல: இமயமலைச் சரிவுகளில் உயரம் கூடக்கூட ஈயின் கறுமை மரபுவழியாகவே மிகுவது பதிவாகியுள்ளது. வேறுபாடு மறைந்துவிட்டாலும் அதுவும் ஒரு முடிவே, மறைக்காமல் எழுதுங்கள்.

மலையில் எங்கே பிடித்தீர்கள் என்பதையும் குறியுங்கள். கடையருகே பிடித்த ஈ, சமவெளியிலிருந்து ஏறிய வாழைத்தாரோடு போன வார விருந்தாளியாகவும் இருக்கக்கூடும். அதனால் கடைகளை விட்டு விலகி, வனத்துறை அனுமதியுடன், மீண்டும் ஒருமுறை பொறி வையுங்கள்.