இரவல் லென்ஸோடு ஆற்றுக்குப் போகலாமா?

வணக்கம் நண்பரே. கேமரா கம்பெனி 15 நாளுக்கு இரவலாகக் கொடுத்த 70-200 எம்எம் ஜூம் லென்ஸை மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கொண்டுபோகலாமா, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அவர்கள் அனுப்பிய மெயிலைப் பாருங்கள். பழுதுச் செலவு யாருடையது, காப்பீடு உண்டா, களவு போனால் என்ன என்பதெல்லாம் அதில் இல்லையென்றால், இன்றே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வரிசை எண், முன்கண்ணாடி, மவுண்ட் (கேமராவில் பொருத்தும் பகுதி) எல்லாம் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டு, யாரோ போட்ட கீறலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஆறு. வெதர் சீலிங், அதாவது தண்ணீரும் தூசியும் புகாமல் தடுக்கும் அடைப்பு, தூறலைத் தாங்கும். நம் ஆட்கள் துருத்தியில் பீய்ச்சும் தண்ணீர் வேறு ரகம். லென்ஸில் ரப்பர் வளையம் இருந்தாலும் உங்கள் கேமரா பாடி அப்படிச் சீல் செய்யப்படாதது என்றால் பயனில்லை. மழையுறை போடுங்கள், கூட்டத்துக்குள் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். என்னைக் கேட்டால், வைகைக் கரையில் ஆழ்வார்புரம் பக்கம் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி கிடைக்குமா பாருங்கள். தூரத்தை அருகில் காட்டும் 200 எம்எம் இருக்கும்போது ஆற்றுக்குள் எதற்கு முண்டியடிக்க வேண்டும்?

வரிக்குப் பயப்பட வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் பொருள் ஆதாயமாகாது. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால்தான் கதை வேறு: அப்படி அவர்கள் தருவதன் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) உண்டு, 2022 ஜூலையிலிருந்து. படங்களைப் போடும்போது லென்ஸ் இரவல் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.