மாநிற இமைக்கு எது நியூட்ரல்? கண் ஒப்பனைக் கேள்வி-பதில்

சென்ற மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட், ஃபேன்சி ஸ்டோர் என்று எங்கும் கிடைக்கிற, பழுப்பு வகை நிறங்கள் மட்டும் அடங்கிய சின்ன ஐஷேடோ பேலட், அதாவது இமையில் பூசும் நிறப்பொடிகளை அடுக்கிய பெட்டி. தோலோடு ஒத்துப்போய் உறுத்தாமல் தெரியும் நிறங்கள் என்பதால் இதை ‘நியூட்ரல்’ என்கிறார்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு நான் வேறு வகைகளைத்தான் எடுத்துப் போகிறேன். போட்டுப் பார்க்காமல் பதில் சொல்வது சரியில்லை என்று அப்படி ஒன்றை வாங்கி மூன்று வாரம் தினமும் என் கண்ணிலேயே போட்டுப் பார்த்தேன். மொத்தம் 12 நிறம். அதில் 7 மேட் (பளபளப்பில்லாதது), 5 ஷிம்மர் (மினுங்குவது). நான் சென்னையில் இருப்பவள், மாநிறம், இமையில் எண்ணெய் வடியும் வகை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

“கனடாவில் செவிலியராக இருக்கிறேன். நியூட்ரல் என்று போட்டிருந்த பேலட்டை வாங்கினேன். அட்டைப் படத்தில் இருக்கும் பெண்ணுக்கு அழகாக இருக்கிறது. நான் போட்டால் இமையில் விபூதி பூசினது போலத் தெரிகிறது. என் நிறத்துக்கு ஐஷேடோவே ஒத்துவராதா?” – டொராண்டோ வாசகி

நன்றாக ஒத்துவரும். உங்கள் நிறத்தில் ஒரு குறையும் கிடையாது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விபூதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

அழுத்திய ஐஷேடோ பெரும்பாலும் டால்க், மைக்கா என்ற இரண்டு கனிமங்களும் சேர்ந்த பொடி. பழுப்பு நிறம் இரும்பு ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று வகை. அவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் எல்லாப் பழுப்புகளையும் உண்டாக்குகிறார்கள். நிறத்தை வெளிறச் செய்ய டைட்டானியம் டையாக்சைடு சேர்ப்பார்கள். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் வெண்மை தருவதும் இதே பொருள்தான். வெளுத்த இமையில் இந்த வெள்ளை தோலோடு கலந்து மறைந்துவிடும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது தனியாக எழும்பி நின்று சாம்பலாகத் தெரியும்.

2010-இல் அர்பன் டிகே என்ற அமெரிக்க ஒப்பனை நிறுவனம் ‘நேக்கட்’ என்று 12 நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. 2018-இல் அதை நிறுத்தும்வரை ஏராளமான பேர் வாங்கினார்கள். அதைப் பார்த்து விலை குறைந்த பிராண்டுகளும் தங்கள் பங்குக்குப் பழுப்புப் பெட்டிகளை இறக்கின. ‘நியூட்’, ‘தோல் நிறம்’ என்ற பெயர்களெல்லாம் அப்போது பரவலாகிவிட்டன. யாருடைய தோல் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு; உங்களைப் போல எத்தனையோ பெண்கள் பெட்டியைச் சந்தேகிக்காமல் தங்கள் நிறத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

இனி வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு உங்கள் இமையைப் பாருங்கள். காலையில் முகம் கழுவியதும் ஜன்னலோரம் நின்று, இமை மடிப்புக்குள் இருக்கும் நிறத்தைக் கவனியுங்கள். அதே நிறம், அல்லது அதைவிடக் கொஞ்சம் அடர்ந்து செம்மை கூடிய நிறம்தான் உங்கள் நியூட்ரல். நம்மில் பலருக்கு அது கருப்பட்டி, வெந்தயம், செம்மண், செங்கல் பக்கமாக இருக்கும். சாம்பல் சாயல் ஓடும் பழுப்பைத் தொடாதீர்கள். என் பேலட்டில் நான் தினமும் எடுத்தது நான்கே நிறம். முதல் வரிசையில் இருந்த இரண்டு கிரீம் நிறங்கள் எனக்கும் விபூதிதான்.

இமை முகத்தைவிடக் கறுத்து, நீலம் ஓடியது போல இருந்தால் அதற்கு மேல் எந்த வெளிர் நிறத்தைப் போட்டாலும் சாம்பல் அடிக்கும். ஆரஞ்சுச் சாயல் உள்ள கரெக்டரை (கருமையை மட்டுப்படுத்தும் கிரீம்) ஒரு பொட்டு எடுத்து மெல்லிசாகத் தட்டிவிட்டு அப்புறம் போடுங்கள். வாங்கிய பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பகலுக்கு அதிகமாகத் தெரியும் அடர் பழுப்போடு அந்த கிரீம் நிறத்தைப் புறங்கையில் கலந்தால் நடுத்தரப் பழுப்பு ஒன்று கிடைக்கும். நான் அப்படித்தான் அதைத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

“தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஐஷேடோ மடிப்பில் திரண்டு கோடாகிவிடுகிறது. விலை மலிவு என்பதாலா?” – தாம்பரம் வாசகி

விலையைவிட இமையில் ஊறும் எண்ணெய்க்குத்தான் இதில் பங்கு அதிகம். இமை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை மூடித் திறக்கிறது. எண்ணெயில் குழைந்த பொடி ஒவ்வொரு தடவையும் மடிப்பை நோக்கித் தள்ளப்படுகிறது.

இதைச் சோதிக்கவே ஒரு வாரம் முழுக்க வலது கண்ணில் வெறும் ஐஷேடோ, இடது கண்ணில் அடித்தளம் வைத்து ஐஷேடோ என்று போட்டேன். வலது கண் 11 மணி சுமாருக்குக் கோடாகிவிட்டது. இடது கண் மூன்று மணி வரைக்கும் தாங்கியது. பேலட் ஒன்றுதான், கண்தான் வேறு.

அடித்தளம் என்றால் பெரிய செலவு ஏதுமில்லை. சன்ஸ்கிரீனோ மாய்ஸ்சரைசரோ போட்ட பிறகு பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் தலை வாரிக்கொள்ளலாம், டிபன் பாக்ஸ் கட்டலாம். பிறகு டிஷ்யூ பேப்பரை இமையில் ஒற்றி எடுங்கள். கன்சீலரை (தோல் நிறத்தில் இருக்கும், கறையை மறைக்கும் கிரீம்) மோதிர விரலால் தொட்டும் தொடாமலும் பரப்புங்கள். கெட்டியாக வைத்தால் அதுவே முதலில் கோடாகும். மேலே கொஞ்சம் பவுடர். ஐஷேடோவை ஒரே தடவையில் அப்பாமல் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ரயிலை விட்டு இறங்கியதும் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

“பேலட்டோடு ஒரு ஸ்பாஞ்ச் குச்சி வந்தது. தனியாக பிரஷ் செட் வாங்கணுமா?” – மதுரை, கல்லூரி மாணவி

செட் வேண்டாம்மா. இரண்டு பிரஷ் போதும்: நிறத்தை வைக்கத் தட்டையான சின்னது ஒன்று, ஓரத்தை மங்கவைக்கப் பொசுபொசுவென்று இருப்பது ஒன்று. ஷிம்மருக்கு மோதிர விரலை மிஞ்சிய கருவி கிடையாது. விரல் சூட்டில் அது இமையோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் குச்சி நிறத்தை ஒரே இடத்தில் திட்டாக விடும், பரப்பாது. வாரம் ஒரு தடவை பிரஷ்ஷைத் துளி ஷாம்பூவில் கழுவி, படுக்கவைத்துக் காய விடு. நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் பிடிக்குள் இறங்கி, முடி உதிர ஆரம்பிக்கும்.

“காஜல் இல்லாமல் வெளியே போனால் ‘காய்ச்சலா’ என்று கேட்கிறார்கள். காஜலோடு ஐஷேடோ அதிகமாகத் தெரியுமா?” – நாகர்கோவில் வாசகி

அதிகமாகத் தெரியாது. சொல்லப்போனால் பேலட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் கறுப்பை ஒட்டிய பழுப்புக்கு நான் கண்டுகொண்ட மிக நல்ல உபயோகம் காஜலோடுதான். கீழிமையில் காஜல் தீட்டியதும், சின்ன பிரஷ்ஷில் அந்தப் பழுப்பைத் தொட்டு, கோட்டின் மேலேயே ஒற்றிக்கொண்டு போங்கள். பென்சிலில் இருக்கும் மெழுகையும் எண்ணெயையும் பொடி பிடித்து நிறுத்திவிடும். மத்தியானம் கன்னத்துக்கு இறங்கி வருகிற கறுப்பு பெருமளவு குறையும். அதே பழுப்பை ஈர பிரஷ்ஷில் எடுத்து மேலிமை ஓரம் இழுத்தால் ஐலைனரும் ஆயிற்று. கறுப்பைவிட மென்மையாக இருக்கும்.

கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துப் பிடித்த வீட்டு மைக்கு இது சரிவராது. அதில் மெழுகு கிடையாது, பொடி மேலே திட்டுத்திட்டாக நிற்கும்.

“எனக்கு வயது 52. ஆசிரியை. இமை தளர்ந்து மடிப்பு மூடிக்கொண்டுவிட்டது. மினுக்கம் போடலாமா?” – யாழ்ப்பாணம் வாசகி

போடலாம், அக்கா. இமையின் நடுவில் மட்டும், பட்டுச்சேலையின் பளபளப்பு அளவுக்கு மெல்லியதாக. பெரிய துகள் மினுக்கம் சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்து அவற்றை எடுத்துக்காட்டும். அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு முக்கியமானது மேட் பழுப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பது. கண்ணை மூடிக்கொண்டு மடிப்பில் போட்டால், திறந்ததும் அத்தனையும் உள்ளே போய்விடும். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண்ணைத் திறந்தபடியே, தளர்ந்த தோலுக்குச் சற்று மேலே பிரஷ்ஷை வைத்து, காரின் வைப்பர் போகிற மாதிரி இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். வெளி ஓரத்தை எட்டும்போது கையை மேல்நோக்கித் தூக்கிவிடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அந்த ஒரு நிறமே போதும்.

“மெட்ராஸ் ஐ வந்து சரியாகிவிட்டது. பேலட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? கான்டாக்ட் லென்ஸும் போடுவேன்.” – வேலூர் வாசகி

கண் சிவந்திருந்த நாட்களிலும் அதற்குச் சற்று முன்பும் தொட்ட காஜல், மஸ்காரா, ஐஷேடோ எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். காசு போகிறதே என்று இருக்கும், எனக்கும் புரிகிறது. கண் டாக்டர்கள் சொல்வதும் இதுதான். தங்கையோடோ தோழியோடோ பகிர்ந்துகொண்ட பேலட் என்றால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

மீண்டும் லென்ஸ் போடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த வரிசையை மாற்றாதீர்கள். கை கழுவி லென்ஸைப் போட்டுவிட்டு ஒப்பனை. இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு ஒப்பனையைக் கலைப்பது. ஷிம்மரை பிரஷ்ஷால் தேய்த்தால் உதிரும், ஒற்றி வையுங்கள்.

“நாங்கள் சுத்த சைவம். ஐஷேடோவில் பூச்சி சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?” – கோவை வாசகி

சிலவற்றில் உண்மை. கார்மைன் என்னும் சிவப்பு, கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படுகிறது. பெட்டியின் பின்புறம் 75470 என்ற எண் இருந்தால் அது கார்மைன். பழுப்பு நிறங்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. 77491, 77492, 77499 என்ற எண்கள்தான் நான் மேலே சொன்ன இரும்பு ஆக்சைடுகள். ஆனால் நியூட்ரல் பெட்டியிலும் ஒன்றிரண்டு மெரூன், ரோஸ் நிறங்களைச் சேர்த்துவிடுவார்கள். அங்கே கார்மைன் இருக்கலாம். பொடியை இறுக்கிப் பிடிக்கச் சேர்க்கும் ஸ்டியரேட் வகைகள் தாவரத்திலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும்; பெட்டியில் இருக்கும் எண்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘வீகன்’ (விலங்கிலிருந்து எடுத்தது எதுவும் இல்லாதது) என்று தெளிவாக அச்சிட்டதை வாங்குவதே உங்களுக்கு நிம்மதி.

“ஒரு நிறம் மட்டும் மேலே பளபளவென்று இறுகிவிட்டது. பிரஷ்ஷில் வரவே மாட்டேன் என்கிறது.” – கோலாலம்பூர் வாசகி

விரலிலும் பிரஷ்ஷிலும் இருந்த எண்ணெய் மேலே படலமாகப் படிந்திருக்கிறது. செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுங்கள், அடியில் புதுப் பொடி இருக்கும்.

“பத்தாவது படிக்கும் மகள் ஐஷேடோ கேட்கிறாள். கண்ணுக்குக் கெடுதலா?” – தஞ்சாவூர், ஒரு தாய்

திருவிழாக் கடையில் லேபிள் இல்லாமல் விற்கிற பளபளப்புப் பெட்டிக்கு முடியாது என்றே சொல்லுங்கள். நம் நாட்டில் அழகுப் பொருட்களில் சேர்க்கும் நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. யார் செய்தது என்றே தெரியாத பெட்டிக்கு அந்த விதியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். பிரபல பிராண்டுகளின் போலிகள் நிறைய உலவுவதால் இதைக் கட்டாயம் பாருங்கள். ஸ்கூல் கிராஃப்ட் வேலைக்கு வாங்கிய கிளிட்டரை எக்காரணம் கொண்டும் கண் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள். அதன் துகள் கருவிழியைக் கீறிவிடும்.

நல்ல பேலட்டாக வாங்கி, முதல் இரண்டு நாள் முழங்கை உட்புறத்தில் பூசிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் விசேஷ நாட்களில் போட்டுக்கொள்ளட்டும். இமைத்தோல் உடம்பிலேயே மிக மெல்லியது, அதைத் தேய்த்து இழுக்கக் கூடாது. போட்டதோடு தூங்கவும் கூடாது. எவ்வளவு தூக்கம் வந்தாலும் பஞ்சில் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, மூடிய கண்மேல் வைத்து, இருபது எண்ணிவிட்டு மெதுவாகக் கீழ்நோக்கி வழித்தெடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துவிடுங்கள்.