ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் செய்த வீட்டு மாடலை நிஜப் படம்போலக் காட்ட (ரெண்டர் செய்ய), 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டில், என்ஸ்கேப் நல்லதா வி-ரே நல்லதா?

கிளையன்ட் பக்கத்தில் உட்கார்ந்து "அந்த ஜன்னலைத் தள்ளி வையுங்க" என்று சொல்கிற வேலைக்கு என்ஸ்கேப். ஸ்கெட்ச்அப்பில் நகர்த்தியதுமே அதில் தெரியும். விளம்பரத்துக்கான உள்ளறைப் படம் என்றால் வி-ரேதான். திரைச்சீலை வழியே கசியும் வெளிச்சம் அதில் நம்பும்படி வரும்.

கார்டின் 8 ஜிபி நினைவகத்தில் இடறுவது டெக்ஸ்ச்சரில், அதாவது சுவர், தரை போன்ற பரப்புகளில் ஒட்டும் படங்களில். ஜேபெக் கோப்பு 3 எம்பிதானே என்று ஏமாறாதீர்கள். 4096 பிக்சல் சதுரப் படம் சுருக்கப்படாமல் கார்டில் ஏறினால் 64 எம்பி. ஒரு மெட்டீரியலுக்கு நிறம், பளபளப்பு, நார்மல் (மேடுபள்ளம்) என 3 மேப், அதாவது 3 படம், போட்டால், பத்து மெட்டீரியலுக்கே கிட்டத்தட்ட 2 ஜிபி காலி. தூரத்துச் சுவருக்கு 1024 போதும், பதினாறில் ஒரு பங்குதான் பிடிக்கும். மரங்களை ப்ராக்ஸியாக (ரெண்டரின்போது மட்டும் முழு வடிவம் ஏறும் எளிய மாற்று உருவாக) வையுங்கள். அப்படியும் நிரம்பினால் வி-ரேயை சிபியூவுக்கு மாற்றுங்கள். மெதுவாக ஓடினாலும் கணினியின் ராமைப் பயன்படுத்திக்கொள்ளும்.